சுவரை வைத்துத்தான் சித்திரம்: பழைய பீட்டிலுக்குப் பிஸ்டன் தேர்வது

கோவளம் கரையில் இழுத்து வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பின்பக்கம் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், அதிலிருந்து நீளும் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. காலுக்குக் கீழே வங்கக் கடலே கிடக்கிறது; ஆனால் அந்த இன்ஜின் குளிர்வது காற்றினால்தான். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகியபோது இந்த வகை இன்ஜினும் கூடவே பெருகியது. உப்புத் தண்ணீரை உள்ளே விட்டால் இன்ஜின் என்ன ஆகும் என்று மீனவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதே கோவளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஞாயிறு காலைகளில் மாமல்லபுரம் பக்கம் போகும் பழைய கார்களில் எப்போதாவது ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் போகும். பின்னால் இன்ஜின், அதிலும் ரேடியேட்டர் இல்லை. படகு இன்ஜினுக்கும் அதற்கும் எரிபொருள் வேறு, உருவம் வேறு, உடல்வாகு ஒன்றுதான். ஃபின் போட்ட இரும்பு உருளை, உள்ளே ஏறி இறங்கும் அலுமினியப் பிஸ்டன், சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று.

இப்படியொரு பீட்டில் இன்ஜினைப் பிரித்துக் கட்ட உட்காருகிறவர் முன்னால் முதலில் வந்து நிற்கும் கேள்வி: என்ன பிஸ்டன், என்ன சிலிண்டர்? பழைய சிலிண்டரையே உள்ளே கடைந்து போர் போடலாம். கம்பெனி அளவிலேயே புதிய செட் வாங்கலாம். அப்படியே சொருகக்கூடிய, சற்றே பெரிய செட் போடலாம். இன்ஜின் கேஸைக் கடைந்து நிஜமாகவே பெரிய செட் போடலாம். நான்கு வழிக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது: பேச்சு எப்போதும் விட்டத்தைப் பற்றியே நடக்கிறது, நடக்க வேண்டியதோ சுவரைப் பற்றி.

ஒரே இன்ஜின், ஐந்து அளவு

பீட்டில் இன்ஜின் வளர்ந்த கதையே அதன் சிலிண்டர் விட்டம் வளர்ந்த கதைதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய முதல் கார்களில் 75 மில்லி விட்டம், 64 மில்லி ஸ்ட்ரோக், 1131 சிசி. 1954-இல் விட்டம் 77 மில்லியாகி 1192 சிசி ஆனது. நாம் 1200 என்று அழைப்பது இதைத்தான். 1966 மாடலில் விட்டத்தைத் தொடாமல் ஸ்ட்ரோக்கை 69 ஆக்கி 1285 சிசி. அடுத்த ஆண்டு மாடலில் விட்டம் 83 ஆகி 1493 சிசி. கடைசியாக 85.5 மில்லி, 1584 சிசி, அதுதான் 1600.

ஃபோக்ஸ்வாகன் அதற்கு மேல் இந்த இன்ஜினின் விட்டத்தை ஏற்றவில்லை. மெக்சிகோவின் பூவெப்லா ஆலையில் 2003 ஜூலை 30 அன்று கடைசி பீட்டில் வெளிவந்தபோதும் அதற்குள் இருந்தது இந்த 85.5 மில்லிதான். மொத்தம் 2 கோடியே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள். பிரேசிலில் கோம்பி வேனில் காற்றுக் குளிர்ச்சி இன்ஜின் 2005 இறுதி வரை ஓடியது. 1950-களின் வேறு பல கார்களுக்கு உதிரி பாகம் தேடி அலைய வேண்டியிருக்க, இதற்கு மட்டும் இன்றும் புதிய பிஸ்டன் கிடைப்பதற்குக் காரணம் இந்த நீண்ட ஆயுள்தான்.

இந்தியாவில் பீட்டில் தயாரிக்கப்படவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுக் கார்கள் நம் கைக்கு வந்த வழிகளில் ஒன்று, தூதரகங்கள் கழித்த கார்களை ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்றது. ஆகவே கார் வந்தது, உதிரி பாகம் வரவில்லை. கைக்குக் கிடைத்ததை வைத்து ஓட்டியிருப்பார்கள். இன்று பிரிக்கும் ஒரு பீட்டிலுக்குள் என்ன அளவு இருக்கும் என்பதை ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. அளந்துதான் சொல்ல வேண்டும்.

“எத்தனாவது போர்?”

தமிழ்நாட்டு மெக்கானிக்கின் கை பழகியது புல்லட்டில். 1956 முதல் திருவொற்றியூரில் உருவான அந்த 350 சிசி இன்ஜினும் காற்றுக் குளிர்ச்சிதான். 70 மில்லி விட்டம், 90 மில்லி ஸ்ட்ரோக். பழைய புல்லட்டின் வார்ப்பிரும்பு சிலிண்டரில் சுவர் தாராளம். புகை அடித்தால் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் போர் போட்டு, அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் போடுவார்கள். மறுபடி தேய்ந்தால் மறுபடி போர். எல்லாப் படியும் ஏறி முடிந்தால் ஸ்லீவ் அடித்து ஸ்டாண்டர்டுக்கே திரும்பிவிடலாம். பழைய வண்டி வாங்க வருகிறவர் “எத்தனாவது போர்?” என்று கேட்பது அதனால்தான். சிலிண்டர் ஒரு குடும்பச் சொத்து. பிஸ்டன் வந்து போகும் விருந்தாளி.

பீட்டிலில் கணக்கு தலைகீழ். அங்கே சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். நான்கு தனித்தனி உருளைகள். ஒவ்வொன்றும் கேஸின் வாய்க்குள் இறங்கி, மேலே ஹெட்டுக்குள் ஏறி, நீண்ட ஸ்டட்களால் இறுக்கப்பட்டு நிற்கிறது. செட்டாக மாற்றுவதே வழக்கமாகிவிட்டது.

அப்படியானால் போர் போடவே கூடாதா? கூடாது என்றில்லை. கால் மில்லி, அரை மில்லி ஏற்றுவதில் சுவர் பெரிதாகக் குறையாது. சிக்கல் பிஸ்டனில். அந்த ஓவர்சைஸ் பிஸ்டன் நான்கு, ஒரே செட்டாகக் கிடைக்க வேண்டும். கிடைக்காதபோதுதான் நம் ஊர்க் கைவண்ணம் தொடங்கும்: வேறொரு வண்டியின் பிஸ்டனைத் தேடிப் பொருத்துவது. விட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. 1300 முதல் 1600 வரையிலான இன்ஜின்களில் பிஸ்டன் பின் 22 மில்லி, 1200-இல் 20. பின்னின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரம் ஒரு மில்லி மாறினாலும் கம்ப்ரஷன் மாறிவிடும். எடையும் ஒத்துப்போக வேண்டும்; ஒரே இன்ஜினின் நான்கு பிஸ்டன்களுக்கிடையே 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் கூடாது என்பது ஃபோக்ஸ்வாகன் வகுத்த வரம்பு. இவ்வளவும் சேர்ந்து அமைந்த மாற்றுப் பிஸ்டன் அரிது.

இதில் ஒரு முரணும் உண்டு. பிஸ்டன் செய்வது நமக்குப் புதிய தொழில் அல்ல. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-இல் தொடங்கியது. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, மறைமலை நகரில், ஐ.பி. ரிங்ஸ் பிஸ்டன் ரிங் செய்கிறது. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகக் கிளம்பினால் அன்றைக்கே போய்த் திரும்பும் தொலைவு. ஆனாலும் பீட்டில்காரர் பிரேசில் செட்டுக்கு ஆர்டர் போட்டுச் சுங்க வரி கட்டிக் காத்திருக்கிறார். சில நூறு கார்களுக்காக ஒரு ஆலை அச்சு போடாது. அது யார் குற்றமும் அல்ல.

சுவர்க் கணக்கு

இனி விவகாரத்தின் மையத்துக்கு வருவோம். 1600 இன்ஜின் கேஸில் சிலிண்டர் இறங்கும் வாயின் விட்டம் சுமார் 90 மில்லி. அதில் இறங்கும் சிலிண்டருக்கு வெளி அளவு அதுதான், மாற்ற முடியாது. உள் விட்டத்தைப் பெருக்கினால் குறைவது சுவர் மட்டுமே.

கம்பெனி அளவான 85.5-இல் அந்த இடத்துச் சுவர் ஏறக்குறைய இரண்டேகால் மில்லி. கேஸைத் தொடாமல் சொருகும் 87 மில்லி செட்டில் ஒன்றரை மில்லி. இன்ஜின் 1641 சிசி ஆகும். அதே வாயில் இறங்கும் 88 மில்லி செட்டில் ஒரே ஒரு மில்லி; 1679 சிசி. 85.5-இலிருந்து 88-க்குப் போனதில் கிடைத்தது சுமார் 95 சிசி, அதாவது நூற்றுக்கு ஆறு. இழந்தது சுவரில் பாதிக்கு மேல்.

மெலிந்த சுவர் என்ன செய்யும்? ஸ்டட்களை இறுக்கும்போதும் சூடேறும்போதும் வட்டம் கெடும். கண்ணுக்குத் தெரியாது, ஒரு மில்லியில் நூறில் சில பங்குதான். ஆனால் ரிங்குக்கு அது போதும். ரிங் வட்டமாகவே இருக்கப் பார்க்கும், சுவர் முட்டை வடிவத்துக்குப் போகும். இடைவெளியில் எண்ணெய் மேலே ஏறும், எரிந்த வாயு கீழே இறங்கும். கீழே இறங்கும் வாயு எண்ணெயைச் சுடவைக்கும். சூடான எண்ணெய் மேலும் மெலியும். 88 மில்லி செட்டுக்கு உலகெங்கும் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான். 87 நடுவாந்திரம்: நிதானமாக ஓட்டுகிறவரிடம் பிழைக்கும், மிதிக்கிறவரிடம் பிழைக்காது.

பெரிதாக வேண்டும் என்பவர் கேஸையும் ஹெட்டையும் கடைய வேண்டும். வாயை ஏறக்குறைய 96 மில்லிக்குக் கடைந்தால் 90.5 மில்லி செட் இறங்கும். சுவர் சுமார் இரண்டேமுக்கால் மில்லி, 1776 சிசி. கவனியுங்கள்: சுவர் கம்பெனி அளவைவிடத் தடிமன். அனுபவசாலிகள் 90.5-ஐச் சிபாரிசு செய்வதற்கு இதுதான் காரணம். அதே வாயில் 92 மில்லி போட்டால் சுவர் இரண்டு மில்லிக்கு இறங்குகிறது. அதற்கும் அவப்பெயர் உண்டு. வாயை 98 அளவுக்கு விரித்தால் 94 மில்லி செட், 1915 சிசி. சுவர் மறுபடி சுமார் இரண்டு மில்லி. 94-க்கான வாயில் இறங்கும் தடித்த சுவர் 92 பின்னர் சந்தைக்கு வந்ததும் இந்தப் பாடத்தைப் படித்துத்தான்.

கடைவதற்கும் ஒரு விலை உண்டு. கேஸ் மெக்னீசியம் கலவை, மென்மையானது, வயதானது. வாயை விரிக்க விரிக்க ஸ்டட்களைச் சுற்றியுள்ள உலோகம் குறையும். பழைய கேஸில் ஸ்டட் மரை பிடுங்கிக்கொண்டு வருவது ஏற்கெனவே உள்ள நோய். அதற்கு எஃகு இன்சர்ட் போடாமல் கடையக் கொடுப்பது வெள்ளம் வந்தபின் அணை தேடுவது போல. ஒருமுறை கடைந்த கேஸ் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புல்லட்டுக்கு உள்ள ஸ்லீவ் அடிக்கும் வழி இங்கே கேஸுக்கு இல்லை.

கம்ப்ரஷன் சொல்லாமல் ஏறும்

விட்டத்தைப் பெருக்குகிறவர் பலர் மறப்பது ஹெட்டில் உள்ள அறையின் கொள்ளளவை. 1600-இன் கம்ப்ரஷன் விகிதம் 7.5. ஹெட்டின் அறையைத் தொடாமல், டெக் உயரத்தையும் (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டர் விளிம்புக்கு உள்ள இடைவெளி) மாற்றாமல் 90.5 செட்டைப் போட்டால் விகிதம் ஏறக்குறைய 8.2, 94 போட்டால் 8.7 பக்கம் போகும். யாரும் ஏற்றச் சொல்லவில்லை, தானாக ஏறிவிட்டது. சிலிண்டர் அடியில் ஒரு மில்லி ஷிம் போட்டால் 94-இல் அது 8-க்குச் சற்றுக் கீழே இறங்கும்; ஆனால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி அதிகமானால் எரிதல் சோம்பும். ஹெட்டில் அறையைச் சற்றுப் பெருக்குவதே நேர்வழி. எதைச் செய்தாலும், ஊசிக்குழாயில் எண்ணெய் விட்டு அறையை சிசி கணக்கில் அளக்காமல் செய்யக்கூடாது.

தண்ணீர்க் குளிர்ச்சி இன்ஜினில் இது சிறு தவறு. காற்றுக் குளிர்ச்சியில் இதுவே தட்டும் சத்தமாகி, பிஸ்டன் தலை உருகுவதில் போய் முடியும். விட்டம் கூடியதால் உள்ளே எரியும் பெட்ரோல் கூடியது. வெளியே விசிறி பழைய விசிறி, எண்ணெய்க் கூலர் பழைய கூலர். வரவு அதே, செலவு மட்டும் கூடிய குடும்பம்.

வார்த்ததா, அடித்ததா

“ஃபோர்ஜ்டு போட்டால் உடையவே உடையாது” என்பது பட்டறைகளில் புழங்கும் வேதவாக்கு. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. 85.5 மில்லி அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.17 மில்லி விரியும். அதே அளவு வார்ப்பிரும்பு சிலிண்டர் சுமார் 0.09 மில்லிதான் விரியும். வித்தியாசம் 0.08. ஆனால் ஃபோக்ஸ்வாகன் புதிய செட்டுக்குக் கொடுக்கும் இடைவெளியோ 0.04 முதல் 0.06 மில்லி. இந்தக் கணக்குப்படி பிஸ்டன் பிடித்துக்கொள்ள வேண்டுமே, ஏன் பிடிப்பதில்லை?

பிஸ்டன் வட்டமே இல்லை என்பதால். குளிர்ந்த நிலையில் அது லேசான நீள்வட்டம். தலைப்பக்கம் ஒடுங்கியும் பாவாடைப்பக்கம் அகன்றும் கடையப்பட்டிருக்கும். சூடேறும்போது எந்தத் திசையில் எவ்வளவு விரியும் என்று கணக்கிட்டு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். வார்த்த பிஸ்டன்களில் உள்ளே எஃகுப் பட்டை வைத்தோ வெட்டு விட்டோ பாவாடை விரிவதை மேலும் அடக்குவது உண்டு. அடித்த (ஃபோர்ஜ்டு) பிஸ்டனில் அந்தச் சௌகரியம் குறைவு; அதனால் அதற்குக் கூடுதல் இடைவெளி விட வேண்டும். விட்டால் குளிர்ந்த நேரத்தில் கடகடவென்று ஆடும். பந்தயத்துக்கு அது பொருட்டில்லை. காலையில் ஸ்டார்ட் செய்து கேளம்பாக்கம் சந்தைக்குப் போய் வரும் காருக்கு அது தேய்மானம். நம் உபயோகத்துக்கு நல்ல வார்த்த பிஸ்டன் போதும்.

விட்டத்தைப் பெருக்கியும் சூட்டைக் கடத்த வேறொரு வழி உண்டு என்பதைப் போர்ஷே காட்டியது. 1973 மாடல் கரேரா ஆர்எஸ் 2.7-இல், முந்தைய 84 மில்லியிலிருந்து 90 மில்லிக்கு விட்டத்தை ஏற்றினார்கள். இரும்பு லைனரையே எடுத்துவிட்டு, அலுமினியச் சிலிண்டரின் உட்புறத்தில் நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு கொடுத்தார்கள், அதுதான் நிக்கசில். இரும்பு இருந்த இடம் மிச்சமானது, சூடும் வேகமாக வெளியேறியது. பீட்டிலுக்கும் இப்படிப்பட்ட செட் உண்டு, விலைதான் பயமுறுத்தும். அந்தப் பூச்சு தேய்ந்தால் நம் லேத் பட்டறை உதவாது என்பது அதைவிடப் பெரிய பயம்.

இந்தக் காற்று, இந்த உப்பு, இந்தப் பெட்ரோல்

மேலே சொன்னதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கோவளத்துக்கு மட்டுமான கணக்கு மூன்று.

முதலாவது காற்றின் சூடு. ஃபின் 180 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். 20 டிகிரிக் காற்றுக்கு அது கொடுக்கும் வித்தியாசம் 160. 40 டிகிரிக் காற்றுக்கு 140. எட்டில் ஒரு பங்கு குளிர்ச்சி அங்கேயே போயிற்று. 2003 மே கடைசியில் சென்னையில் 45 டிகிரி பதிவானது. ஜெர்மானியக் கையேட்டில் ‘பரவாயில்லை’ என்று இருப்பது நம் மே மாதத்தில் ‘பார்த்து’ என்று ஆகும். மத்தியானம் கடல்காற்று ஏறும் வரை வெயிலில் நீண்ட ஓட்டம் வேண்டாம். 1971 மாடலுக்கு முந்தைய கார்களில் எண்ணெய்க் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்தது. அந்தச் சிலிண்டர்தான் முதலில் சாகும். கூலரை வெளியே தள்ளிய பிந்தைய அமைப்பை மாற்றிப் போடுவது, எந்தப் பெரிய பிஸ்டனையும்விட நல்ல செலவு. இன்ஜினைச் சுற்றியுள்ள தகரங்களும் ரப்பர் பட்டைகளும் அப்படித்தான். அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. கீழே வெளியேறிய சூடான காற்று மறுபடி விசிறிக்குள் நுழையாமல் தடுப்பது அவைதான்.

இரண்டாவது உப்பு. இங்கே பெயின்ட் அடிக்காத இரும்பு ஒரு வாரம் தாங்காது. புதிய சிலிண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து ஷெட்டில் வைத்தால் உட்புறத்திலேயே செம்பூச்சு படரும். எண்ணெய் தடவி வைக்க வேண்டும். வெளியே மெல்லிய கறுப்பு ஹீட் பெயின்ட் போதும். தடிமனாக அடித்தால் ஃபின்னுக்குக் கம்பளி போர்த்தியது போல. படகுக்காரர்கள் இன்ஜினுக்குத் தார்ப்பாய் போட்டு மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடற்கரையில் கார் வைத்திருப்பவருக்கும் அதே பழக்கம் வேண்டும்.

மூன்றாவது பெட்ரோல். 2025-இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரை அப்படியே விட்டால் கலவை சுமார் 7 விழுக்காடு மெலிந்துபோகும். மெலிந்த கலவை சூடாக எரியும். ரிங்கும் பிஸ்டன் தலையும் அதைத் தாங்க வேண்டும். மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்றிவிட்டால் அதே எத்தனால் தட்டும் சத்தத்தைக் குறைத்து உதவியும் செய்யும். எதிரி எத்தனால் அல்ல, மாற்றாமல் விட்ட ஜெட்.

அளந்து பார்த்த ஒரு மாலை

நண்பர் ஒருவரின் 1600 இன்ஜினைக் கோவளம் பக்கத்து ஷெட் ஒன்றில் கட்டியபோது உதவிக்கு நின்றேன். புதிய 85.5 செட், பெட்டி பிரிக்காதது. “புதுசுதானே, அப்படியே மாட்டிடலாமே” என்றேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் விட்டார். பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து, அதன் தலையாலேயே ரிங்கை மெல்லத் தள்ளிச் சமமாக நிறுத்தினார். ஃபில்லர் கேஜில் 0.30 இலை இடைவெளிக்குள் நுழையவில்லை. 0.25 இலை உரசிக்கொண்டு நுழைந்தது. மேல் ரிங்குக்குக் கையேடு சொல்வது 0.30 முதல் 0.45 வரை. சூட்டில் ரிங் விரிந்து இரு முனையும் முட்டிக்கொண்டால் சிலிண்டரைக் கீறிவிடும். சின்ன அரத்தை வைஸில் பிடித்து, ரிங்கின் முனையை ஒரே திசையில் நான்கு இழுப்பு. மறுபடி உள்ளே விட்டு அளப்பு. 0.35-க்கு வந்தபின் அடுத்த ரிங். அந்த மாலையில் முடிந்தது இரண்டே சிலிண்டர்.

மறுநாள் பிஸ்டன்களைத் தங்கம் நிறுக்கும் மாதிரியான ஒரு தராசில் வைத்தார். நான்கில் ஒன்று மட்டும் 7 கிராம் கூடுதல். 10 கிராம் வரம்புக்குள்தான். ஆனாலும் பின் பகுதியின் உட்புறத்தில் கொஞ்சம் சுரண்டி 2 கிராமுக்குள் கொண்டுவந்தார். மாட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி ஃப்ளைவீல் பக்கம் பார்க்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

தீர்ப்பு

ஆக, எதைத் தேர்வது? பழைய சிலிண்டரின் மேல் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள்; நகம் தட்டும் அளவுக்குப் படி விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான். தட்டாவிட்டாலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், குறுக்கும் நெடுக்குமாக இரண்டு திசையில், ஆறு அளவு எடுக்க வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே 0.20 மில்லியைத் தாண்டினால் ஃபோக்ஸ்வாகன் கணக்கில் ஆயுள் முடிந்தது.

மாற்றுவதென்றால், கடற்கரைச் சாலையில் ஓடப்போகும் காருக்கு என் முதல் தேர்வு 85.5 மில்லி, வார்த்த பிஸ்டன். மாமல்லபுரம் போய் வர அந்த 1584 சிசி தாராளம். கேஸ் எப்படியும் கடைசலுக்குப் போகிறது, வலு இன்னும் வேண்டும் என்றால் 90.5, ஹெட்டின் அறையையும் கூடவே அளந்து சரிசெய்து. 87 வேறு வழியில்லாதபோது. 88 வேண்டாம்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல செட் வாங்கியவர்கள் எல்லாரும் நல்ல இன்ஜின் கட்டிவிடுவதில்லை. நான் பார்த்த ஷெட்டில் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைவிட அதிகம் வேலை செய்தது ஒரு சின்ன அரமும் 0.30 இலையும்தான். அந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆன அன்று, பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, பின்பக்க மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். “தண்ணி எங்க ஊத்துவீங்க?” என்றார். ஊற்ற வேண்டியதில்லை என்றோம். “அப்ப நம்ம போட்டு இன்ஜின்தான்” என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிப் போனார்.